மன்னியும் மூன்றாவது காந்தமும்

என் மன்னி அனந்தலக்ஷ்மி ஆபீஸ் பஸ்ஸை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. ஆனாலும் தினமும் அதைத் தவறவிடப் போகிறவள் மாதிரிதான் கிளம்புவாள். குளியலறைக்குள்ளிருந்தே குழம்பைப் பற்றிக் குரல் கொடுப்பாள். ஒரு கை புடவைத் தலைப்பைச் செருகும், மறு கை தயிர் சாதத்தை அள்ளி வாயில் போடும். அது தொண்டைக்குள் இறங்குவதற்குள் ஜன்னலுக்கும் வாசலுக்கும் பல தடவை போய் வந்துவிடுவாள். கல்கத்தா டாலிகஞ்சில் நாங்கள் இருந்த மாடிக்குக் கீழே சாட்டர்ஜி காகிமா குடியிருந்தார். வங்காளிகளுக்குச் சித்தி என்றால் காகிமா, மன்னி என்றால் பௌதி. "உன் பௌதி வீட்டுக்குள்ளேயே சால்ட் லேக் வரைக்கும் நடந்துடறா" என்று என்னிடம் வங்காள மொழியில் சொல்லிச் சிரிப்பார்.

நான் பட்டு. அப்பாவும் அம்மாவும் ஜாம்ஷெட்பூரில் இருந்தார்கள். பி.ஏ. முடித்துவிட்டு டைப்பிங் கற்றுக்கொண்டு, வேலைக்கு மனுப் போட்டபடி அண்ணா வீட்டில் தங்கியிருந்தேன். அது 1981. அண்ணா சிவராமகிருஷ்ணன் டல்ஹௌசியில் ஒரு சணல் கம்பெனியில் அதிகாரி. பேப்பரை முதல் பக்கத்தின் மேல் மூலையிலிருந்து கடைசிப் பக்கத்தின் கீழ் மூலை வரை விடாமல் படிக்கிற மனுஷன். இவனுக்கு எப்படி இவள் வாய்த்தாள் என்று உறவில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

மன்னி கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள். பிஸிக்ஸ் படித்து, பம்பாயில் ஒரு வருஷம் பயிற்சி முடித்து, சால்ட் லேக்கில் இருந்த ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தாள். அப்போது சால்ட் லேக் என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கட்டடங்கள், மீதியெல்லாம் நாணல். அந்தக் கூடத்தில் சைக்ளோட்ரான் என்ற பெரிய இயந்திரம் இருந்தது. அதில் அவள் என்ன செய்கிறாள் என்பது எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ஒரு சாயங்காலம் கரெண்ட் போய் எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறியபோது கேட்டேன்.

"அணுவிலேர்ந்து எலக்ட்ரானை உருவிட்டா மிச்சம் அயனி. அதை ஒரு பெரிய காந்தத்துக்குள்ள சுத்திச் சுத்தி வேகமேத்தி வெளில தள்ளுவா. தள்ளறது அவா வேலை. தள்ளினதை அடுத்த ரூம்ல காத்துண்டு இருக்கறவாகிட்ட கொண்டுபோய்ச் சேக்கறது என் வேலை" என்றாள் மன்னி. பேசிக்கொண்டே மாடியின் நாலு மூலையையும் சுற்றி வந்தாள்.

"குழாய்ல தண்ணி போறாப்பலயா?"

"தண்ணி குழாயோட சுவத்துல இடிச்சாலும் போய்ச் சேந்துடும். இந்த அயனி ஓட்டத்தை பீம்னு சொல்றது, அது இடிச்சுதுன்னா அவ்வளவுதான், காணாமப் போயிடும். குழாய்க்குள்ள காத்துகூட இருக்கப்படாது. பாக்கறதுக்கு எல்லாம் ஒரே பக்கமா ஓடறாப்பல இருக்கும். உள்ளுக்குள்ள ஒவ்வொண்ணும் இப்படியும் அப்படியுமா அலைஞ்சுண்டே போகும். விட்டா விரிஞ்சுடும். நடுநடுவுல காந்தம் வெச்சு இழுத்துச் சேத்துண்டே இருக்கணும்."

"அலையாமயே போகப் பண்ண முடியாதா?"

மன்னி நின்றாள். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. "முடியும். ரஷ்யால பண்ணிட்டா. ஐரோப்பாலயும் பண்றா. ஒரு வளையத்துல அயனியைச் சுத்த விட்டு, கொஞ்ச தூரம் அதே வேகத்துல எலக்ட்ரானையும் கூட ஓட விடறா. எலக்ட்ரான் அதிகம் அலையாது. அதோட ஒட்டி ஒட்டி ஓடினா அயனியோட அலைச்சலும் அடங்கிடும். குளிர வைக்கறதுன்னு பேரு அதுக்கு."

"ஐஸ் வெப்பாளா?"

"ஐஸெல்லாம் இல்லடி. அந்த அலைச்சலைத்தான் சூடுங்கறது. அது அடங்கினா குளிர்ச்சி. அதுல வேலை பண்ணணும்னுதான் எனக்கு..." என்று ஆரம்பித்தவள், தெருவிளக்கு எரிந்ததும் பாதியில் விட்டுவிட்டுக் கீழே ஓடினாள். அடுப்பில் பருப்பு வைத்திருந்தாளாம்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் அவள் தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய மேலதிகாரி டாக்டர் லாஹிரி கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். குளிர வைக்கிற ஆராய்ச்சி நடக்கும் ஐரோப்பிய ஆய்வுக்கூடம் ஒன்று இங்கிருந்து ஒருவரை ஒரு வருஷத்துக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது. மன்னி ஜனவரியில் போகலாம். ஆனால் அதற்கு முன்னால் புதிதாகப் போட்ட குழாய் வழியாக பீம் கடைசி அறைக்குப் போய்ச் சேர வேண்டும். துர்கா பூஜை விடுமுறைக்குள் சேர்த்துவிடு என்றிருந்தார் லாஹிரி.

"ஒரு வருஷமா?" என்றான் அண்ணா, பேப்பரை மடிக்காமலே.

"ஒரே வருஷம்தான். பட்டு இருக்காளே."

"பட்டு இருக்கா, சரி" என்றான் அண்ணா. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ரொம்ப நேரம் அதே பக்கத்திலேயே இருந்தான்.

பீம் போய்ச் சேரவில்லை. வழியில் நான்கு காந்தங்கள். ஒவ்வொன்றுக்கும் அப்பால் ஒரு சின்னத் திரை. பீம் பட்டால் அந்த இடம் ஒளிரும், அதை டி.வி. பெட்டியில் பார்க்கலாம். இரண்டாவது காந்தம் வரை அழகாக வட்டமாக விழுந்தது, மூன்றாவதைத் தாண்டியதும் நீளமாக இழுத்துக்கொண்டு போய்க் குழாயின் சுவரில் இடித்துத் தொலைந்தது. "பொட்டு வரணும், நாமம் வரது" என்று மன்னி சாப்பாட்டு நேரத்தில் அண்ணாவிடம் சொன்னாள். காந்தத்தின் சக்தியைக் கூட்டினார்கள், நாமம் இன்னும் நீண்டது. குழாய் வளைந்திருக்குமோ என்று அளந்தார்கள், நேராகத்தான் இருந்தது. இதற்கு நடுவில் கரெண்ட் வேறு. மின்சாரம் தடுமாறினால் மொத்த இயந்திரமும் படுத்துக்கொள்ளும். அதை எழுப்பி நிறுத்த அரை நாள் ஆகும். மெட்ரோவுக்காக பவானிபூர் சாலையை இரண்டாகப் பிளந்து போட்டிருந்ததால் ஆபீஸ் பஸ் சுற்று வழியில் ஊர்ந்துகொண்டு வரும். மன்னி இறங்கும்போது அவள் முகத்தைப் பார்த்தாலே அன்று என்ன நடந்தது என்று தெரிந்துவிடும்.

ஒரு நாள் சின்னசாமியைத் திட்டிவிட்டாள். காந்தங்களுக்கு கேபிள் இணைத்த டெக்னீஷியன் அவர். அப்பா சேலத்துக்காரர், சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்த்தவர். சின்னசாமி பிறந்தது அங்கேதான். கூடத்தில் மன்னிக்குத் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள். "சரியா மாட்டினீங்களா, இல்ல கண்ணை மூடிண்டு மாட்டினீங்களான்னு எல்லார் முன்னாலயும் கேட்டுட்டேன்" என்றாள் என்னிடம். "அவர் வயரிங் படத்தை எடுத்துண்டு மறுபடி உள்ள போய்ப் பாத்துட்டு, படத்துல இருக்கற மாதிரியேதான் இருக்குன்னார். நானும் போய்ப் பாத்தேன். அப்படியேதான் இருந்தது." அவளுக்குத் திட்டியதும் உறுத்தியது, பிழை கிடைக்காததும் உறுத்தியது.

அப்படிப்பட்ட நாட்களில்தான் அவளுக்குத் தலை சுற்றியது. லேக் மார்க்கெட் பக்கத்தில் டாக்டரம்மாவிடம் நான்தான் கூட்டிப்போனேன். வெளியே வந்து ரிக்ஷா பிடித்தோம். ஏறியதும் மன்னி, "உங்கண்ணாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ சொல்லாதே" என்றாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை உண்டாகி, நாலாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. அப்போது நான் இங்கே இல்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இந்தச் செய்திக்கு இன்னொரு முகம் இருந்தது. கர்ப்பமாக இருக்கும் பெண் கதிர்வீச்சு உள்ள பகுதிக்குள் போகக் கூடாது. அது கண்டிப்பான விதி. சொன்னால் குழாய் ஓடுகிற அறைக்குள் அவளால் கால் வைக்க முடியாது. சொல்லாமல் ஒரு பத்து நாள் தள்ளினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அன்று முழுக்க அவள் அலமாரியைக் காலி செய்து அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். சாயங்காலம் அண்ணா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள்.

அண்ணா நாற்காலியில் உட்கார்ந்தான். "நாளைக்கே லாஹிரிகிட்ட சொல்லிடு."

"சொன்னா என்னை உள்ள விடமாட்டா. பீம் வராது. ஜனவரி போயிடும்."

"சரி."

"என்ன சரிங்கறேள்?"

"நீ சொல்லத்தான் போறே அனந்தி. ராத்திரி முழுக்க நடந்துட்டுச் சொல்றதுக்கு இப்பவே முடிவு பண்ணிட்டுத் தூங்கலாமே."

 ஆனாலும் அவள் தூங்கியதாகத் தெரியவில்லை. மறுநாள் போய்ச் சொல்லிவிட்டாள். லாஹிரி எழுந்து வாழ்த்துச் சொன்னாராம். பிறகு அவளுடைய பேரை உள்ளே போகிறவர்கள் பட்டியலிலிருந்து தாமே அடித்தாராம். "அடிக்கும்போது 'ஸாரி'ன்னார். எதுக்கு ஸாரின்னு கேக்கலாம்னு இருந்தது" என்றாள்.

அதோடு புதுக் கவலை ஒன்று பிடித்துக்கொண்டது. தெரியாமல் இருந்த முதல் வாரங்களில் அவள் உள்ளே போயிருக்கிறாள், காந்தத்துக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் நின்றிருக்கிறாள். எல்லோரும் சட்டையில் ஒரு ஃபிலிம் துண்டைக் குத்திக்கொள்வார்கள். எவ்வளவு கதிர் பட்டது என்று அதைக் கழுவிப் பார்த்துச் சொல்வார்கள். மன்னியுடையதை அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். பயப்பட ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. அன்று ஒரு பொழுது மட்டும் நிம்மதியாக இருந்தாள். மறுநாள், "அந்த ஃபிலிமைக் கழட்டி மேஜைல வெச்சுட்டு நான் எப்பவாவது உள்ள போயிருப்பேனா பட்டு?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

மஹாளயாவுக்கு முன்னால் ஒரு நாள் லேசாக ரத்தம் பட்டது. படுத்தே இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. மன்னியைப் படுக்க வைத்தது பெரிய பாடு. கட்டில் நிறைய வரைபடங்களை விரித்துக்கொண்டு, பென்சிலால் எதையோ கோடு போட்டு அழித்துக்கொண்டிருந்தாள். தெருவில் பந்தலுக்கு மூங்கில் இறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம், "இன்னும் எவ்வளவு நாள் இருக்கு பூஜைக்கு?" என்பாள். ரத்தம் நின்று, டாக்டரம்மா எழுந்து நடமாடலாம் என்று சொன்ன அன்றே கிளம்பத் தயாரானாள். அண்ணா ஒரே ஒரு நிபந்தனை போட்டான். டாக்ஸியில் போக வேண்டும், பட்டு கூடப் போக வேண்டும். லாஹிரி எனக்கு உள்ளே வர பாஸ் வாங்கித் தந்தார்.

கதிர் எட்டாத கட்டுப்பாட்டு அறையில் ஒரு மூலை நாற்காலியில் உட்கார்ந்தேன். சுவர் முழுக்க முள் ஆடும் மீட்டர்கள். நடுவில் கறுப்பு வெள்ளை டி.வி. ஒன்று. லாஹிரி வெள்ளைச் சட்டை போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். நான் உட்காரும் நாற்காலியைத் தாமே துடைத்துக் கொடுத்தார். பீமை நிறுத்திவிட்டு, உள்ளே போகலாம் என்று கதிர்வீச்சை அளந்து பார்த்துச் சொன்ன பிறகு சின்னசாமி போனார். காந்தங்களுக்கு மட்டும் கரெண்ட் ஓடிக்கொண்டிருந்தது. மன்னி இன்டர்காம் முன்னால் நின்றாள். நாற்காலி இருந்தது, உட்காரவில்லை.

"கேக்கறதா சின்னசாமி?"

"கேக்குதுங்க மேடம்." கரகரவென்று குரல் வந்தது.

"மூணாவது காந்தத்துல இடது மேல் முனைகிட்ட திசைகாட்டியைப் பிடிங்க."

"பிடிச்சிட்டேங்க. படத்துல போட்டிருக்கிற மாதிரியேதான் காட்டுது."

இது ஏற்கெனவே தெரிந்த பதில். மன்னி மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். லாஹிரி, கம்பிச் சுருளில் ஒன்று செத்துப்போயிருக்கலாம் என்றார். சுருள்களைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. கரெண்ட் ஓடினால் வெளியே வரும் தண்ணீர் சூடாக இருக்கும், ஓடாவிட்டால் ஜில்லென்று இருக்கும். தொட்டுப் பார்த்தாலே தெரியும். சரி என்று மன்னி மறுபடி இன்டர்காமை அழுத்தினாள்.

"வலது பக்கம் தண்ணிக் குழாய் வரதே, அதைத் தொட்டுப் பாருங்க. சூடா இருக்கா?"

அவர் நகர்ந்து தேடுகிற சத்தம் கேட்டது.

"வலது பக்கம் குழாயே இல்லைங்களே மேடம்."

"இருக்கும். நன்னாப் பாருங்க."

"இல்லைங்க. தண்ணிக் குழாயெல்லாம் இடது கைப் பக்கம்தான் வருது. சூடாத்தான் இருக்கு."

மன்னியின் விரல் பொத்தானிலேயே இருந்தது. அவள் மேஜையில் விரித்திருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு படத்தை விட்டுவிட்டுத் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

"சின்னசாமி, நீங்க இப்ப எங்க நிக்கறேள்? மெஷின் பக்கமா, கடைசி ரூம் பக்கமா?"

"கடைசி ரூம் பக்கம்தாங்க. மெஷின் பக்கம் வேக்குவம் பம்பு நிக்குதுங்களே, ஆள் நுழைய முடியாது."

"எப்பவுமே அங்கேர்ந்துதான் பாத்தேளா?"

"ஆமாங்க."

"கேபிள் மாட்டினப்பவும்?"

"அப்பவும்தாங்க. வேற வழியில்லையே."

"நானும்" என்றாள் மன்னி, இன்டர்காமை விட்டுவிட்டு. லாஹிரியைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள்: "நானும் அங்கே நின்றுதான் பார்த்தேன். எல்லோரும் அங்கே நின்றுதான் பார்த்தோம்."

லாஹிரிக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்கு டாக்ஸியில் திரும்பும்போதுதான் சொன்னாள். படம், பீம் போகிற திசையில் பார்த்து வரைந்தது. மற்ற மூன்று காந்தங்களையும் அப்படித்தான் பார்த்து இணைத்தார்கள். மூன்றாவதை மட்டும் எதிர்ப்பக்கம் நின்று அதே படத்தை வைத்து இணைத்துவிட்டார்கள். எதிர்ப்பக்கம் நின்றால் இடது வலதாகிவிடும், வடமுனை இருக்க வேண்டிய இடத்தில் தென்முனை வந்துவிடும். சேர்த்துப் பிடிக்க வேண்டிய காந்தம் இழுத்து விரித்தது. எத்தனை தடவை சரிபார்த்தாலும் அதே இடத்தில் நின்று பார்த்ததால் சரியாகவே தெரிந்தது. "நான் உள்ள இருந்திருந்தா, இந்தக் குழாயைத் தொடுங்கன்னு கையால காட்டியிருப்பேன். இடதுன்னும் வலதுன்னும் வாயால சொல்லியிருக்கவே மாட்டேன்" என்றாள்.

கரெண்டை நிறுத்தி, சின்னசாமி இரண்டு கேபிள்களையும் மாற்றி மாட்டினார். அதற்குள் வெளியே மின்சாரம் தடுமாறி முட்கள் எல்லாம் சரிந்தன. மறுபடி எல்லாவற்றையும் எழுப்பச் சாயங்காலம் ஆகிவிட்டது. மன்னியை ஏதாவது சாப்பிட வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டி.வி.யில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு வந்து நின்றது. அடுத்த திரைக்கு மாற்றினார்கள், அங்கேயும் பொட்டு. கடைசித் திரையிலும் வந்தது. அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வங்காளத்தில் பேச ஆரம்பித்தார்கள். யாரோ சந்தேஷ் இனிப்பு வாங்க ஆள் அனுப்பினார்கள்.

மன்னி மட்டும், "ஒரு தடவை அணைச்சுட்டுப் போடச் சொல்லு" என்று என்னிடம் தமிழில் சொன்னாள். நான் லாஹிரியிடம் சொல்ல முடியுமா? அவளே போய்ச் சொன்னாள். அணைத்துப் போட்டார்கள். மறுபடி வந்தது. அப்புறமும் அவள் நம்பாத முகத்தோடு நின்றாள்.

சின்னசாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மன்னி நேரே அவரிடம் போனாள். "அன்னிக்கு எல்லார் முன்னாலயும் உங்களைப் பேசினேனே..."

"விடுங்க மேடம். ரெண்டு பேரும் ஒரே எடத்துலதானே நின்னோம்" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "மேடத்துக்கு ஒரு டீ சொல்லட்டுங்களா? நிக்கவே மாட்டேங்குறாங்க" என்றார்.

பூஜை வந்தது, போனது. மன்னி ஜனவரியில் போகவில்லை. ஏழாம் மாதத்தில் கண் காணாத ஊருக்குப் போய் என்ன செய்வாள்? அடுத்த வருஷம் வருகிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். லாஹிரி சொன்ன அன்று அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. குழந்தைக்குத் தைக்க வாங்கி வைத்திருந்த துணியை எடுத்து, வெட்டி, தப்பாக வெட்டி, "இது எதுக்கும் உதவாது" என்று சுருட்டி மூலையில் போட்டாள். அண்ணா அதை எடுத்து மடித்து வைத்தான். அன்று அவர்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. யார் மேலும் யாருக்கும் கோபம் என்றும் சொல்ல முடியாது.

பங்குனியில் பெண் பிறந்தது. எல்லா விரல்களையும் மன்னி எண்ணிப் பார்த்தாள், டாக்டரம்மாவை எண்ணச் சொன்னாள், என்னையும் எண்ணச் சொன்னாள். விஜயலக்ஷ்மி என்று பேர் வைத்தோம். கீழ் வீட்டுக் காகிமா வாயில் அது பிஜோயா ஆயிற்று, தெருவே அப்படிக் கூப்பிட்டது. குழந்தை பேச ஆரம்பித்ததும் தன் பேர் பிஜோயா என்றே சொல்லிக்கொண்டது. நடக்க வந்ததும் ஓடத்தான் ஓடியது. "யாரைக் கொண்டிருக்கு பாரு" என்பான் அண்ணா.

எனக்கு வேலை கிடைத்து, கல்யாணமாகி, சால்ட் லேக் பக்கமே குடித்தனம் போனேன். மன்னி அதே கூடத்தில்தான் இருந்தாள். புதிதாக வந்தவர்களிடம், படத்தைக் கையில் எடுத்தால் முதலில் எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று சொல் என்று சண்டை பிடிப்பாளாம்.

குளிர வைக்கிற இடத்தைக் கடைசியில் அவள் பார்த்தாள். எண்பத்தெட்டில், ஒரு கருத்தரங்குக்காக ஆறு வாரம் ஐரோப்பா அனுப்பினார்கள். திரும்பி வந்த அன்று டம்டம் விமான நிலையத்துக்கு நானும் அண்ணாவும் பிஜோயாவும் போயிருந்தோம். இளைத்திருந்தாள். டாக்ஸியில் பிஜோயா மடியில் ஏறி, என்ன கொண்டுவந்தாய் என்று வங்காளத்தில் துளைத்துக்கொண்டிருந்தது.

"பாத்தேளா மன்னி? அந்த வளையம்?"

"பாத்தேன். திரைல மலை மாதிரி விரிஞ்சு இருக்கு. எலக்ட்ரானை விட்டதும் அப்படியே ஒடுங்கி, ஊசி மாதிரி நிக்கறது. கொஞ்ச நேரம்தான் ஆறது. அவ்வளவு அலைச்சலும் அடங்கிடறது."

"எப்படி இருந்தது?"

மன்னி யோசித்தாள். "நன்னாத்தான் இருந்தது. இன்னொரு தடவை காட்டச் சொன்னேன், காட்டினா. அப்பறம் உள்ள உக்காரவே முடியல. வெளில வந்து அந்தக் குளிர்ல ரொம்ப தூரம் நடந்தேன். வழி தப்பிப் போயிடுத்து. ஒரு பால்காரர்தான் வண்டில ஏத்திண்டு வந்து விட்டார்."

"உனக்கு அந்த ஊர் பாஷை தெரியாதே" என்றான் அண்ணா. "அவர்கிட்ட எப்படிச் சொன்னே?"

"கையைக் காட்டினேன்" என்றாள் மன்னி. பிறகு பிஜோயாவின் வாயைப் பொத்தி, டிரைவரிடம் வேறு வழியாகப் போகச் சொன்னாள். இந்தச் சாலையில் கூட்டம் நகரவே நகராதாம்.